மூன்றாவது கவுண்டர் அக்காவுக்கு, அட்டைக்காரர்கள் எழுதியது

அன்பின் அரசியே! வரிசையில் வந்தோர் வாட்டம் தீர்த்த வாஞ்சையே! மூன்றாவது கவுண்டரின் முடிசூடா ராணியே! எங்கள் அக்காவே, வணக்கம்!

நீங்கள் ஓய்வு பெற்று ஒரு மாதம் கழித்து இன்றுதான் பிரிவு விழா வைத்தார்கள். மேலாளர் மாலை போட்டு, கடிகாரம் கொடுத்து, மதியமே வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது சாமான் அறையில், எண்ணெய் டின்களுக்கு நடுவே, நாங்கள் நால்வர் மட்டும் உங்கள் முன் நின்று இதைப் படிக்கிறோம்.

அரசின் உணவு உதவி அட்டையோடு கூனிக் குறுகி வந்தவர்களைக் குன்றென நிமிர வைத்த குணவதியே! அந்த அட்டைக்கு அரிசி உண்டு, பருப்பு உண்டு, சோப்பு கிடையாது. இரண்டும் ஒரே பில்லில் விழுந்தால் மெஷின் ஊரைக் கூட்டும். அது கத்துமுன்னே, "சாப்பிடறதெல்லாம் முன்னாடி வைம்மா, சோப்பு சீப்பு பின்னாடி" என்று காதோடு காதாகச் சொல்லி மானம் காத்தீர்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் ஒரு பார்வை பார்ப்பீர்களே, அப்பப்பா! எமனே கூடையைப் போட்டுவிட்டு ஓடுவான்.

வார விடுமுறையிலும் வந்து, ஒன்றும் வாங்காமல், அலமாரி அலமாரியாகச் சுற்றுவீர்கள். வீட்டில் பேச ஆளில்லை என்று எங்களுக்குத் தெரியும். கேட்கத்தான் வாய் வரவில்லை.

ஓய்வு பெற்ற மறுவாரம், வாடிக்கையாளராக எங்கள் வரிசையில் நின்றீர்கள். கையில் அதே அட்டை. ஊருக்கெல்லாம் சொன்ன நீங்களே, பதற்றத்தில் அரிசியோடு சோப்பை வைத்துவிட்டீர்கள். மெஷின் கத்தியது. கவுண்டரில் இருந்த நம்ம சோடாபுட்டி, "இருங்கக்கா, நான் பிரிச்சுப் போடறேன்" என்று எழுந்தான். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு நடந்தீர்கள். வாசலில் காவலாளி அண்ணனிடம், "இனிமே ஆத்துக்கு அந்தப் பக்கம் கடையில வாங்கிக்கறேன். அங்க என்னை யாருக்கும் தெரியாது" என்றீர்களாமே!

அதனால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம். எங்கள் நால்வர் வீட்டிலும் அந்த அட்டைதான். ஒருவருக்கொருவர் தெரியக்கூடாதென்று நாங்களும் ஆற்றைக் கடந்துதான் வாங்குகிறோம். அங்கே நேருக்கு நேர் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறோம். நாளையிலிருந்து இங்கேயே வாங்கப் போகிறோம்.

நோய் நொடி இன்றி நூறாண்டு நிறைவோடு வாழ்க! நாளைக் காலை எங்களோடு வரிசையில் வந்து நில்லுங்கள். அந்தப் பக்கத்துக் கடையிலும் அரிசி கிடைக்கும். "சாப்டீங்களா?" என்று கேட்க ஒருத்தரும் இல்லை அக்கா. நாங்கள் போய்ப் பார்த்துவிட்டோம்.

இங்ஙனம்,
சோடாபுட்டி, காவலாளி அண்ணன், காய்கறித் தராசுத் தங்கை, கிடங்கு மாமா