பெரிய வியாழனன்று நான் அனுப்பாத அப்டேட்

என் பெயர் ரோசிலி. வயது நாற்பத்தெட்டு. கணவர் பெயர் பவுலோஸ். திருச்சூர் மாவட்டம் மாளா அருகே அன்னமநடையில், பள்ளிக்குப் பின்புறத் தெருவில் குடியிருக்கிறேன். வேலைக்குப் போவதில்லை, வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் இடவகையின், அதாவது பங்குக் கோயிலின், பெண்கள் சங்கத்துக்குப் பல வருடங்களாகக் கணக்கு எழுதி வருகிறேன். இன்டர்நெட் சென்டர் நடத்தும் அன்சார் மீதான புகாரில் செவ்வாய்க்கிழமை நான் சொன்னதில் பொய் இருப்பதால், யாரும் கூப்பிடாமல் இன்று நானே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

சங்கத்தின் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும் என்று வந்தபோது, யாரிடமும் போய்ப் படிக்காமல் நானே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டேன். அந்தக் காலத்தில் பிரவுசரில் மலையாள எழுத்து உடைந்து உடைந்து தெரியும். அதைச் சரிசெய்யப் போய், அன்சாரும் நானும் இன்னும் சிலரும் சேர்ந்து, உலகத்தார் யாரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு பிரவுசரின் மூல நிரலை எடுத்து, நம் எழுத்துக்கு ஏற்றபடி மாற்றி, 'கிளிவாதில்', அதாவது சிறு ஜன்னல், என்று பெயர் வைத்து இலவசமாகக் கொடுத்தோம். அதன் பிறகு மற்றவர்கள் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். மூலத்தில் ஏதாவது பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்பட்டால், அதை அன்சார் எங்களுடையதில் சேர்த்துச் சோதித்துப் பார்ப்பான். நீளமான பாஸ்வேர்ட் போன்ற என் ரகசியச் சாவியைப் போட்டு, இது எங்களுடையதுதான் என்று நான் முத்திரை வைத்தால்தான் அந்த அப்டேட் வெளியே போகும். இன்னொரு சாவி தனக்கும் வேண்டும் என்று அவன் ஒருமுறை கேட்டான். "நீ ஸ்கூட்டர் சாவியையே வாரத்துக்கு ஒரு தடவ தொலைக்கிறவன், உனக்கு எதுக்குடா இது?" என்று சொல்லி மறுத்துவிட்டேன். அவனும் சிரித்துக்கொண்டு போய்விட்டான்.

என் கணவர் கம்பெனிக்காரர்களின் பிரவுசரைத்தான் உபயோகிப்பார். அதைச் சொல்லி அவரை நான் கேலி செய்வதுண்டு. "உங்க கம்பெனிக்காரன் ஓட்டைய மூடி மறைச்சு வெச்சிருப்பான், அவனுக்கு இஷ்டப்பட்ட அன்னிக்குத்தான் அடைப்பான். எங்களது கண்ணாடி பாட்டில் மாதிரி, உள்ள என்ன இருக்குன்னு யாரும் பாக்கலாம்" என்பேன். "யாரும் பாக்கலாம்னா திருடனும் பாப்பானே" என்று அவர் சொன்னார். நான் மீன் குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

அவர் சொன்னது சரி என்பது எனக்கு அப்போதே தெரியும். மூலத்தில் ஓர் ஓட்டையை அடைத்தால், எந்த இடத்தில் என்ன மாற்றினார்கள் என்பது அன்றே எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதைப் படித்து, இன்னும் அடைக்காதவர்கள் யார் என்று தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே திறந்த நிரலை வைத்திருப்பவர்கள் உடனே அடைக்கவேண்டும். பெரிய கம்பெனிகளுக்கு அதற்கு ராப்பகலாக ஆட்கள் உண்டு. கிளிவாதிலுக்கு நான் ஒருத்திதான்.

இந்த வருடம் பெரிய வாரத்தில், சங்கக் கூட்டத்தில், வியாழன் முதல் ஈஸ்டர் காலை வரை போனையும் கம்ப்யூட்டரையும் தொடமாட்டேன் என்று எழுந்து நின்று சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். ரோசிலியைப் பார்த்து மற்றவர்களும் கற்றுக்கொள்ளவேண்டும் என்று தலைவி சொன்னார். அது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

அதன் பிறகு வியாழக்கிழமை மதியம் அன்றிரவு வீட்டில் பிட்டு உண்ணும் பெசகா அப்பத்துக்கு மாவு கலந்துகொண்டிருந்தபோது, அலமாரி மேல் இருந்த போன் அதிர்ந்தது. கணவரின் தங்கை மேரிப்பெண் பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவள் வெளியே போன சமயம் பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் படித்தேன். அன்சார் வாட்ஸ்அப்பில் அனுப்பியது. பெரிய ஓட்டை ஒன்று தெரிந்திருக்கிறது, ஒரு பக்கத்தைத் திறந்தாலே போதும், நாம் லாகின் செய்து வைத்திருக்கிற கணக்கெல்லாம் அடுத்தவன் கைக்குப் போய்விடும், கம்பெனிகள் அடைத்துவிட்டன, நம்முடையதைச் சோதித்துத் தயாராக வைத்திருக்கிறேன், முத்திரை மட்டும்தான் பாக்கி என்று இருந்தது. நான் முழுவதையும் படித்தேன். எனக்கு நன்றாகப் புரிந்தது. அப்பம் வேகிற நேரத்துக்குள் முடிகிற வேலைதான் அது.

அந்த நேரத்தில் மேரிப்பெண் திரும்பி வந்துவிட்டாள். என் கையில் போனைப் பார்த்து, "ஓஹோ, கர்த்தரோட கடைசி ராப்போஜனத்துக்கும் கம்ப்யூட்டர்கிட்ட உத்தரவு கேக்கணுமா அண்ணி?" என்றாள். "மணி பாத்தேன்டீ" என்று சொல்லி போனை மேசை இழுப்பறைக்குள் போட்டேன். அன்று மாலை கோயிலில் பாதம் கழுவும் சடங்கின்போதும் அந்த ஓட்டையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறக்கவில்லை.

மறுநாள் பெரிய வெள்ளியன்று அன்சார் என் கணவரின் போனுக்குக் கூப்பிட்டான். "அவ நோன்புல இருக்கா, வேணும்னா குடுக்கட்டுமா?" என்று இவர் கேட்டார். அவன், "வேணாம் சேட்டா, நோன்ப கலைக்கவேணாம். நான் இங்க வர்றவங்ககிட்ட சொல்லிக்கிறேன்" என்று வைத்துவிட்டான். இவர் என்னிடம் வந்து, "என்ன சமாச்சாரம்னு உனக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன்.

சனிக்கிழமை, எங்கள் இடவகையைச் சேர்ந்த த்ரேசியாமாவின் மகள் ஜிஸ்மி, சான்றிதழ்களை ஸ்கேன் செய்யத் தன் லேப்டாப்புடன் அன்சாரின் சென்டருக்குப் போயிருக்கிறாள். அவள் நர்ஸ். ஜெர்மனியில் வேலைக்கு நேர்காணல் தேதி கிடைத்திருந்தது. ஞாயிறு வரைக்கும் கிளிவாதில் வேண்டாம், வேறு பிரவுசரில் திற என்று அன்சார் சொன்னதற்கு, "போங்க இக்கா, இதுதான் பத்திரம்னு ரோசிலி ஆன்ட்டியே போட்டுக் குடுத்தது" என்று அவள் சொன்னதாக அவளே என்னிடம் கூறினாள். அவளுக்கு அதைப் போட்டுக் கொடுத்தது நான்தான். அதன் பிறகு நர்ஸ்களின் குழுவில் வந்த, நேர்காணல் மாதிரிக் கேள்விகள் என்ற ஒரு பக்கத்தை அவள் திறந்திருக்கிறாள். அன்று மாலைக்குள் அவளுடைய விண்ணப்பக் கணக்கு வேறு யாரிடமோ போய்விட்டது. நேர்காணல் தேதியும் ரத்தாகிவிட்டது.

நான் ஈஸ்டர் அன்று மதியம், எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, முத்திரை வைத்து அப்டேட்டை வெளியே விட்டேன்.

அன்று மாலையே த்ரேசியாமா கோயில் முற்றத்தில் நின்று, "என் பிள்ளையோட பாஸ்வேர்ட அந்த அன்சார்தான் எடுத்திருக்கான், லேப்டாப்ப அவன் கட மெஷின்ல சொருகினதும்தானே போச்சு!" என்று அழுதார். மறுநாள் புகார் கொடுத்தார். சென்டரிலிருந்த கம்ப்யூட்டர்களையும் அன்சாரின் போனையும் காவல்துறையினர் எடுத்து வந்தார்கள். சென்டருக்கான அனுமதியை நிறுத்திவைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சங்கத்துப் பெண்கள் என் வீட்டுக்கு வந்து, "நல்லவேள, நம்ம ரோசிலியோட பிரவுசர்ல ஒரு கொறையும் இல்ல" என்றார்கள். நான் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். செவ்வாயன்று விசாரிக்க வந்த காவலரிடம், நோன்பில் இருந்ததால் அன்சாரின் செய்தியை ஞாயிறு வரை பார்க்கவில்லை என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற என் கணவரின் முகத்தை நான் பார்க்கவில்லை.

இன்று ஜிஸ்மியின் லேப்டாப்பில் அந்தப் பக்கம் திறந்த தடத்தை எஸ்.ஐ. ஷைலஜா மேடத்துக்குக் காட்டியிருக்கிறேன். அன்சாரின் கம்ப்யூட்டர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதை ஜிஸ்மியின் வேலைக்கான அலுவலகத்துக்கும் எழுதித் தரத் தயார். கிளிவாதிலின் இன்னொரு சாவியை அன்சாருக்குக் கொடுக்கிறேன், அவன் இன்னும் வாங்கிக்கொள்வதாக இருந்தால்.

நான் உள்ளே வந்தபோது அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். "நீங்க எதுக்கு சேச்சி இங்க வந்தீங்க? நான் உங்க பேர சொல்லவே இல்லையே" என்றான். அந்தச் செய்தியை நான் வியாழக்கிழமையே படித்துவிட்டேன் என்று அவனிடம் சொன்னேன். அவன், "தெரியும் சேச்சி. அப்பவே நீல டிக் வந்துடுச்சு" என்றான்.

நான் செய்த தாமதத்துக்குத் தனியாக ஒரு சட்டப்பிரிவும் இல்லை என்று மேடம் சொன்னார். இதை எழுதிய காவலர், 'மத நோன்பு காரணமாக அப்டேட் வெளியிட இயலாமல் போனது' என்று எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார். அதை அடிக்கச் சொன்னேன். நான் கடவுளுக்குப் பயந்து நிறுத்திவைக்கவில்லை. கை தட்டியவர்களுக்கும் நாத்தனாருக்கும் பயந்து நிறுத்திவைத்தேன். அந்த வரிக்குப் பதிலாக, 'தெரிந்தே வெளியிடவில்லை' என்று எழுதச் சொன்னேன். அடித்த இடத்தின் ஓரத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது.

எழுதியதை முழுவதும் வாசிக்கக் கேட்டேன். இதில் உள்ளவை நான் சொன்னவையே, யாரும் சொல்லிக்கொடுத்தோ வற்புறுத்தியோ சொல்லவில்லை, எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
ரோசிலி பவுலோஸ்