நாற்பத்தொன்றாவது ஆள்

கல்லறை கட்ட நினைக்கிறவர்கள் முதலில் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்க்க வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. பெரும்பாலானவர்கள் மரநிழலைத்தான் பார்க்கிறார்கள். நான் இரண்டு மழைக்காலம் நின்று பார்த்து, எங்கள் பங்குக் கல்லறைத் தோட்டத்தில் மேட்டுப் பக்கமாக இடம் கேட்டு வாங்கினேன். உயிரோடு இருக்கும்போதே இதென்ன வேலை என்று என் மனைவி செல்வமணி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த ஆசை வந்தது ஒரு கழிவுத்தாளில் இருந்து. வெடிக்குக் குழாய் சுற்றுவதற்குத் திருத்தங்கல் அச்சகங்களில் இருந்து வேஸ்ட் பேப்பர் கட்டுக்கட்டாக வரும். ஒரு நாள், மை சரியாகப் பிடிக்காத சரித்திரப் புத்தகத்தாள் ஒன்று கையில் அகப்பட்டது. நாலாயிரம் வருஷத்துக்கும் முன்னால் எகிப்தில் இருந்த வெனி என்ற பெரிய அதிகாரியைப் பற்றியது. சின்ன உத்தியோகத்தில் சேர்ந்து, மூன்று அரசர்களிடம் வேலை பார்த்து, தெற்குச் சீமை முழுவதையும் நிர்வகிக்கிற அளவுக்கு உயர்ந்தவர். அவர் கேட்டார் என்பதற்காக அரசர் படகும் ஆளும் அனுப்பி வெள்ளைக்கல்லில் ஒரு சவப்பெட்டி வரவழைத்துக் கொடுத்தாராம். தான் பார்த்த வேலையை எல்லாம் அவர் தன் கல்லறையில் எழுதி வைத்தார். அந்தத் தாளைக் குழாய் சுற்றக் கொடுக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நானும் மூன்று பேரிடம் இருந்தவன்தான். நாரணாபுரம் வெடிக் கம்பெனியில் திரி செருகச் சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. தாத்தா முதலாளி என்னைப் போர்மேன் ஆக்கினார், அப்பா முதலாளி மேனேஜர் ஆக்கினார், மகன் முதலாளி சாவிக்கொத்தையே கையில் கொடுத்துவிட்டார். 'செல்வநாயகம் அண்ணாச்சி இருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன்' என்று நாலு பேர் நடுவில் சொல்வார். அந்த வார்த்தைக்காக நான் எதையும் செய்வேன். செய்தும் இருக்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முந்தைய தீபாவளி சீசனுக்கு வருகிறேன். அனுமதி நாற்பது பேருக்கு. வேலை செய்தது எழுபது பேர். அதிகாரி கார் மெயின் ரோட்டில் திரும்பினாலே எங்களுக்குப் போன் வந்துவிடும். உடனே மிச்சம் முப்பது பேரும் பின்பக்கமாக வேலிக்கருவேலங் காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். பழகிப்போன விஷயம். ஒரு நாள் அப்படிப் போன் வந்தபோது, அந்த முப்பது பேரில் வெள்ளைத்தாய் என்பவளால் மட்டும் ஓட முடியவில்லை. காலில் முள் ஏறிப் புண்ணாகி வீங்கியிருந்தது.

"என்னால முடியாது அண்ணாச்சி. எங்கனயாச்சும் ஒரு ஓரமா உக்காந்துக்கிடுதேன்" என்றாள். பேப்பர் குடோனில் உட்காரவைத்து வெளியே பூட்டினேன். அரைமணி நேரம்தானே.

வெடிக் கம்பெனியில் செருப்போடு உள்ளே போகக்கூடாது. அதனால் கெட்டிக்கார அதிகாரிகள் ஆளை எண்ண மாட்டார்கள், வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணுவார்கள். ஓடினவர்கள் அவரவர் செருப்பை எடுத்துக்கொண்டுதான் ஓடுவார்கள். வெள்ளைத்தாயின் நீல ரப்பர் செருப்பு மட்டும் குடோன் வாசலில் கிடந்தது. ஒரு வாருக்கு ஊக்கு குத்தியிருந்தாள். அதை நான் எடுத்து ஆபீஸ் பீரோவுக்குப் பின்னால் போட்டேன். தான் படை நடத்திப் போனபோது வழிப்போக்கனிடம் இருந்து ஒருவனும் செருப்பைப் பறித்ததில்லை என்று வெனி எழுதியிருக்கிறார். அந்த இடத்தைப் படிக்கும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

அதிகாரி உள்ளே இருக்கும்போதே, வெடி காய வைத்த மேடையில் தீப்பிடித்தது; எப்படிப் பற்றியது என்று இன்றுவரை தெரியாது. வெயிலாக இருக்கலாம். நாற்பது பேரும் தப்பிவிட்டார்கள், அது ஆண்டவர் கிருபை. அதிகாரி கேட்டுக்கு ஓடினார். நான் குடோன் பக்கமாக வந்துகொண்டிருந்தேன். கூரையில் ஒரு மூலை அப்போதுதான் புகைந்தது. கதவுக்கும் எனக்கும் பத்தடி இருக்கும்.

"அண்ணாச்சி" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள். கத்தவில்லை. பூட்டியதை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள்.

சாவி கையில்தான் இருந்தது. நேரமும் இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் திறந்தால் நாற்பத்தொன்றாவது ஆள் வெளியே வருவாள். கேட்டில் அதிகாரி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். லைசென்ஸ் போய்விடும், கம்பெனியை மூடிவிடுவார்கள், எழுபது வீட்டில் அடுப்பு எரியாது. மகன் முதலாளி முகத்தில் எப்படி விழிப்பேன் என்று யோசித்தேன். பிறகு திரும்பிக் கேட்டுக்கு நடந்தேன்.

"உள்ள யாரும் இருக்காங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"நாப்பது பேரும் வந்தாச்சு சார்."

தீயணைப்பு வண்டி வந்ததும் வெடிமருந்து அறைப் பக்கம்தான் முதலில் தண்ணீர் அடிக்கச் சொன்னேன். சொன்ன பக்கம் அடித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, சாம்பலை நானே தனியாக அள்ளினேன். கிடைத்ததை ஒரு மத்தாப்பு அட்டைப்பெட்டியில் வைத்தேன். ரோட்டோரம் போட மனம் வரவில்லை. அப்போது என் கல்லறைக்குக் குழி வெட்டிச் செங்கல் கட்டி முடிந்திருந்தது. அடியில் ஒரு ஓரமாக வைத்து மண் போட்டேன். சாதி மதம் எதுவும் பார்க்கவில்லை. லைசென்ஸ் பிழைத்த சந்தோஷத்தில் மகன் முதலாளி என் கல்லறைக்குக் கறுப்புக் கிரானைட் அனுப்பிவைத்தார். இத்தனை நாள் சும்மா கிடந்த அந்தக் கல்லைப் பதிக்கத்தான் நேற்று பாண்டிச்செல்வம் கொத்தனார் அடித்தளத்தைத் தோண்டினான், எலும்பு வெளியே வந்துவிட்டது. எனக்குச் சொல்லாமல் தோண்டியது அவன் தப்பு.

எகிப்து அரசி மேல் ஒரு ரகசிய வழக்கு வந்தபோது, பெரிய மந்திரிகளை எல்லாம் விட்டுவிட்டு வெனியைத்தான் விசாரிக்கச் சொன்னார்களாம். அரசி என்ன செய்தாள், அவளுக்கு என்ன ஆயிற்று என்று அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. விசுவாசம் என்றால் அதுதான். நானும் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளைத்தாய் அன்று வேலைக்கு வரவில்லை என்றேன். பார்த்தவர்களும் பிழைப்புக்குப் பயந்து அதையே சொன்னார்கள். லோடு லாரி டிரைவர் ஒருத்தன் அன்றோடு வேலையை விட்டுப் போய்விட்டான் என்றும் சொன்னேன். இரண்டையும் சேர்த்துப் பேசியது ஊர்.

அவளுக்கு ஒரே மகள், பிரீத்திகா. அப்பா இல்லாத பிள்ளை. அப்போது பதினாலு வயது. இப்போது நம் கம்பெனியில்தான் லேபிள் ஒட்டுகிறாள், நான்தான் சேர்த்துவிட்டேன். தெரியாத நம்பரில் இருந்து போன் வந்தால் கைப்பசையைக்கூடத் துடைக்காமல் எடுத்து, "அம்மாவா?" என்பாள். ஓடிப்போனவள் மகள் என்று பெண் கேட்டு வந்தவர்கள் இரண்டு முறை திரும்பிப் போய்விட்டார்கள். போன மாதம் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நெசத்தைச் சொல்லுங்க அண்ணாச்சி. எங்கம்மா அன்னைக்கு வேலைக்கு வந்துச்சா?"

ஒரு வார்த்தைதான் கேட்டாள். அந்த வார்த்தை கிடைத்திருந்தால் தாயை நினைத்து அழுதிருப்பாள், ஊர் வாயும் மூடியிருக்கும்.

"வரலை தாயி" என்றேன்.

"அப்ப உசுரோடதான் இருக்கு. எங்கிட்டு இருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அன்று எனக்கு மனசு நிறைந்திருந்தது. பெற்ற தாய் உயிரோடு இருக்கிறாள் என்ற நினைப்பை விடப் பெரிதாக ஒரு பிள்ளைக்கு என்ன கொடுத்துவிட முடியும்?

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். நான் பூட்டினேன், கூப்பிட்டது கேட்டது, திறக்கவில்லை. எல்லாம் சரிதான். ஆனால் வெளியே பெஞ்சில் பிரீத்திகா உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் போய்ச் சொல்லப்போகிறீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் ஐயா. நாலு வருஷமாக அவள் தாயைச் சாகாமல் வைத்திருந்தவன் நான். இன்றைக்கு அந்தத் தாயைக் கொல்லப்போவது நீங்கள்.