வெடிக்காத இசை

"என் தம்பி முப்பது வருசமாப் போட்ட இசையெல்லாம் சேத்து மெட்ராஸ்ல விழா எடுத்தாக. அதுல பாட்டு ஒண்ணுகூடக் கிடையாது."

ஏழாயிரம்பண்ணை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்தவள் சொன்னாள். பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள். பக்கத்தில் அவளோடு வேலை செய்பவள்.

"பாட்டில்லாம என்னக்கா இசை?"

"ம்ம்முன்னு ஒரே சத்தம். நம்ம ஊரு டிரான்ஸ்பார்மர் அத ஓசியில செய்யுது. அங்க பெரிய பெரிய ஆளுக கண்ண மூடிக் கேக்காக."

"நீங்க?"

"தூங்கிட்டேன்."

"தம்பி மானத்த வாங்கிட்டீகளே!"

"அவனே வந்து எழுப்புனான். 'என் முப்பது வருச உழைப்புல கொறட்ட விட்டுட்டியேக்கா'ன்னான். 'போன மாசம் கம்பெனியில பக்கத்து ரூம் வெடிச்சதுலருந்து எனக்குத் தூக்கமே இல்லடா. இதுல எதுவும் வெடிக்காதுன்னு தெரிஞ்சுச்சு, தூங்கிட்டேன்'னேன்."

"நல்ல பாராட்டு!" என்று மற்றவள் சிரித்தாள்.

அப்போது தூரத்தில் 'டமார்' என்றது. பஸ்ஸே சன்னல் பக்கம் திரும்பிப் புகையைத் தேடியது. புகை இல்லை.

"சாம்பிள் வெடி போட்டுப் பாக்காகப்பா" என்றார் கண்டக்டர்.

சிரித்தவள் மெதுவாகக் கேட்டாள்: "உங்க தம்பியோட இசை சிடி இருந்தா எனக்கும் குடுங்கக்கா."

என் மகளும் தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை செய்கிறாள். நான் இன்னும் சன்னலைவிட்டுத் திரும்பவில்லை.