மிஸ் சொன்னாங்க

– ஆமா சார், நாந்தான் சொல்லிவிட்டேன். வீட்டுல ஒரு வாரத்துக்கு இங்கிலீஷ்லதான் பேசணும்னு. அதுல என்ன சந்தேகம் ஒங்களுக்கு?

– நீங்களா டீச்சர்? ஒங்க வாயாலயா சொன்னிய?

– என் வாயாலதான். வெள்ளிக்கிழமை மணியடிக்க முன்ன எல்லாப் பிள்ளைகளயும் நிப்பாட்டி, அடுத்த வாரம் என்ன படிக்கப்போறோம், அதுக்கு வீட்டுல என்ன செய்யணும்னு சொல்லித்தான் விடுவேன். போன வெள்ளிக்கிழமை இங்கிலீஷ். ஏன் சார் நிக்கிய, ஒக்காருங்க.

– இதுலயா?

– யு.கே.ஜி. வகுப்புல அந்த நாற்காலிதான் உண்டு. பைய ஒக்காருங்க, ஒடஞ்சிராது.

– முழங்கால் தாடையில முட்டுது. சரி, இருக்கட்டும். அதாவது டீச்சர், நான் என்ன சொல்ல வாரேன்னா, நீங்க 'நான் சொல்லவே இல்ல'ம்பியன்னு நெனச்சுட்டு வந்தேன். நீங்க ஆமாங்கிய. இப்ப எங்கன இருந்து ஆரம்பிக்கன்னு தெரியல.

– சுப்ரஜாவுக்கு எதும் கஷ்டமா சார்? அவ நல்லாத்தான இருக்கா. அந்தா பாருங்க, சறுக்குல ஏறி நிக்கா.

– அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்ல. எல்லாம் எங்களுக்குத்தான். நான் ஹைஸ்கூல்ல தமிழ் வாத்தியார், ஒங்களுக்குத் தெரியும்லா? எம் பிள்ளைய இங்கிலீஷ் மீடியத்துல கொண்டாந்து சேத்ததுக்கே ஸ்டாப் ரூம்ல சிரிக்காங்க.

– எங்க ஸ்கூல்ல இன்னும் மூணு தமிழ் வாத்தியார் வீட்டுப் பிள்ளைங்க படிக்குது சார். நீங்க மட்டும்னு நெனச்சுக்கிடாதிய.

– நீங்க சொல்லிவிடுத எதையும் எங்க வீட்டுல தட்டுனது கிடையாது. இலை வாரம்னு சொன்னிய, நானே ஆத்தங்கரைக்குப் போயி மருத இலை பறிச்சுட்டு வந்தேன். வட்டமான பொருள்னு சொன்னிய, அந்த வாரம் பூரா எங்க வீட்டுல தோசைதான். 'மிஸ் சொன்னாங்க'ன்னு அவ சொல்லிட்டான்னா அதுக்கு மேல அப்பீல் கிடையாது. எங்க ஹெட்மாஸ்டர் சொன்னாக்கூட நான் ரெண்டு கேள்வி கேப்பேன்.

– எல்லா வீட்டுலயும் அப்படி இருந்தா எனக்கு வேலை பாதிதான் சார்.

– கேளுங்க. வீட்டு விசயத்த வெளிய சொல்லக் கூடாதுதான். ஆனா சொல்லாம வெளங்காது. எங்க வீட்டுக்காரி சங்கரி பரீட்சை எழுதி, வேலை கெடைச்சிருக்கு. கவர்மெண்ட் ஆபீஸ், ஜூனியர் அசிஸ்டென்ட்.

– அம்பாசமுத்திரத்துலதான?

– ஒங்களுக்கு எப்படித் தெரியும்?

– பிள்ளைங்க சொல்லாதது உண்டா சார். யு.கே.ஜி. டீச்சருக்குத் தெரியாத வீடு இந்த வண்ணார்பேட்டையில கிடையாது. நீங்க சொல்லுங்க.

– அம்பாசமுத்திரம் அவ பொறந்த ஊரு. ஆர்டர் வந்த அண்ணைக்கே சண்டை தொடங்கியாச்சு. நான் போகக் கூடாதுங்கேன். அவ, பிள்ளையக் கூட்டிட்டு எங்க அண்ணன் வீட்டுல போயி இருந்துக்கிடுதேங்கா. சாப்பிட ஒக்காந்தா போதும், ஆரம்பிச்சிரும். நான் தமிழ் வாத்தியார், எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமில்ல. அவளுக்கு வார்த்தையே வேண்டாம், ஒரு சொலவடையில ஆளச் சாச்சிருவா. அக்கம்பக்கத்துல சன்னலச் சாத்துத சத்தம் கேக்கும். இல்ல, தெறக்குத சத்தமோ என்னமோ.

– எங்க வீடு உவரியில கடக்கரை மேல சார். ஏழு பேரு. அலை எரைச்சலுக்கு மேல கத்திக் கத்தி, எங்க யாருக்கும் மெதுவாப் பேசவே வராது. அன்பாப் பேசுனாக்கூட தெருவே எட்டிப் பாக்கும். வீடுன்னா அப்படித்தான் சார்.

– இது அன்பு இல்ல டீச்சர். போன வெள்ளிக்கிழமை தட்டு வச்சாச்சு. அவ, 'இன்னைக்கு எனக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும்'னு தொடங்குனா. பிள்ள எந்திரிச்சு நின்னு வெரல ஒதட்டுல வச்சுது. 'நோ தமிழ். இந்த வாரம் வீட்டுல இங்கிலீஷ் மட்டுந்தான். மிஸ் சொன்னாங்க'ன்னுது.

– அப்படியா சொன்னா?

– நீங்கதான சொல்லிவிட்டதாச் சொன்னிய?

– ஆமா ஆமா, நாந்தான். எந்திரிச்சு நின்னா சொன்னான்னு கேட்டேன்.

– அவ கரண்டியோட அப்படியே நிக்கா. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. இவளுக்கு என்ன இங்கிலீஷ் வரப்போகுதுன்னு.

– பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணுனவங்களுக்கு இங்கிலீஷ் வராதா சார்?

– எழுத வரும். சண்டை போட வராதுல்லா. ரொம்ப நேரம் யோசிச்சு, 'ரைஸ்?'ன்னா. நான் 'யெஸ்'ன்னேன். பிள்ள எந் தட்ட இழுத்து வச்சுக்கிட்டுது. 'யெஸ் ப்ளீஸ்'னு சொன்னாத்தான் சோறு. சொன்னேன், சோறு விழுந்துச்சு. அதுக்கு ஒரு தேங்க்யூ கேட்டுது. அதயும் சொன்னேன். கல்யாணமாயி எட்டு வருசம் டீச்சர். அந்தக் கையால எத்தனை வேளை சாப்பிட்டிருப்பேன், ஒரு நாள் நன்றின்னு சொன்னதில்ல. வகுப்புல நன்றியப் பத்தி ஒரு பீரியட் பூரா பேசுவேன்.

– அவங்க அதுக்கு என்ன சொன்னாங்க?

– 'வெல்கம்'ன்னா. ஊருக்குள்ள நொழையுத எடத்துல வளைவுல எழுதி வச்சிருக்காங்கல்லா, அங்கன பாத்திருப்பா. அதோட அண்ணைக்குப் பேச்சு முடிஞ்சுது. ரசத்துக்கு ஒரு ப்ளீஸ், மோருக்கு ஒரு ப்ளீஸ்.

– நல்லதுதான சார்.

– எனக்குத் தூக்கம் வரல. சொல்ல வேண்டியது எம்புட்டோ கெடக்கு. மறுநாள் லைப்ரரிக்குப் போயி டிக்சனரியப் பொரட்டி நாலு வார்த்தை எடுத்துட்டு வந்தேன். சாப்பிட ஒக்காந்ததும் 'யூ ஆர் ஆப்ஸ்டினேட்'னேன். அவ பிள்ளையத் திரும்பிப் பாத்தா. பிள்ள, 'மிஸ் அத இன்னும் சொல்லித் தரல. மிஸ் சொல்லித் தராத வார்த்தைய யாரும் பேசக் கூடாது'ன்னுட்டுது. பிடிவாதக்காரின்னு சொல்ல டிக்சனரியில இருந்து கொண்டாந்தது அப்படியே வீணாப் போச்சு.

– சிரிக்கேன்னு நெனச்சுக்கிடாதிய சார்.

– சிரிங்க, சிரிங்க. திங்கக்கிழமை காலையில பிள்ளைய விட வந்தேன். கேட்டுக்கு வெளிய பீர் முகம்மது அண்ணாச்சி அவுக பையன எறக்கிவிட்டுட்டு நிக்காக. 'என்ன அண்ணாச்சி, ஒங்க வீட்டுல இங்கிலீஷ் எப்படிப் போகுது?'ன்னு கேட்டேன். 'என்ன இங்கிலீஷ் சார்வாள்? மஞ்சக் கலர்ல எதாவது ஒண்ணு குடுத்துவிடணும்னுலா டீச்சர் சொல்லிவிட்டாக. நாங்க ஒரு எலுமிச்சம்பழம் குடுத்துவிட்டோம்'னாக.

– அது வந்து சார்...

– இப்பச் சொல்லுங்க டீச்சர். நீங்க என்ன சொல்லிவிட்டிய?

– மஞ்சளும் சொன்னேன். இங்கிலீஷும் சொன்னேன்.

– அவுக வீட்டுக்கு மஞ்சளு, எங்க வீட்டுக்கு மட்டும் இங்கிலீஷா?

– ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொண்ணு தேவைப்படும்லா சார்.

– ஒங்களுக்குப் பொய் வரல டீச்சர்.

– ஞாயித்துக்கிழமை பூசைக்கு முன்னால இத சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமேன்னு நெனச்சுக்கிட்டே சொன்னா எப்படி சார் வரும். சரி, விடுங்க. நான் சொன்னது மஞ்சளுதான். சுப்ரஜா ஒரு மஞ்சக் கெழங்கு கொண்டாந்தா. அடுக்களையில அவளே எடுத்திருப்பா போல.

– இங்கிலீஷ் அவளாச் செஞ்ச சட்டம்.

– அவளாத்தான். ஆனா சார், திங்கக்கிழமையே ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நீங்க ஏன் பிள்ளையக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கல?

– கேக்கணும்னுதான் அண்ணைக்குச் சாயங்காலம் வேகமா வீட்டுக்குப் போனேன். அஞ்சு வயசுல இம்புட்டுப் பொய்யான்னு கோவம். வாத்தியார் வீட்டுப் பிள்ளைல்லா. வாசல்ல செருப்பக் கழத்துதேன், உள்ள இருந்து 'கம். காபி?'ன்னா சங்கரி. எங்க சண்டைக்குப் பொறவு அவ என்னை வான்னு சொன்னதே இல்ல. அவ பாட்டுக்குத் தம்ளர ணங்குன்னு வச்சுட்டுப் போவா. நான் 'யெஸ் ப்ளீஸ்'னு சொல்லிட்டேன். அதுக்குப் பொறவு எங்கன கேக்க?

– அதுசரி.

– அது மட்டும் இல்ல. ராத்திரி சாப்பிடும்போது பிள்ள எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சம்மணம் போட்டு ஒக்காந்து சாப்பிடுதா. என்னமோ புதுசா இருக்கேன்னு பாத்தேன். என்ன புதுசுன்னு பொடதியில அடிச்ச மாதிரி பெறகுதான் வெளங்குச்சு. இத்தனை நாளும் நாங்க சத்தம் போட ஆரம்பிச்சதும் அவ தட்டத் தூக்கிட்டு கொல்லப்பக்கம் போயி, துணி தொவைக்குத கல்லு மேல ஒக்காந்து தின்னுட்டு இருந்திருக்கா. தட்ட அங்கனயே கழுவிக் கவுத்தியும் வச்சிருக்கா. பிள்ளைக்கு எம்புட்டுப் பொறுப்புன்னு நான் ஸ்டாப் ரூம்ல பெருமையாச் சொல்லியிருக்கேன் டீச்சர்.

– தண்ணி குடிக்கியளா சார்?

– வேண்டாம். அண்ணைக்கு முடிவு பண்ணுனேன். பொய்யோ நெசமோ, இந்தச் சட்டம் இருந்துட்டுப் போகட்டும். எனக்குத் தெரியும்னு நான் காட்டிக்கிடல.

– வேலைக்குப் போகுத விசயம் என்னாச்சு?

– அதத்தான் சொல்ல வாரேன். புதங்கிழமை சாப்பிட்டு முடிச்சதும் அவ ஆர்டரக் கொண்டாந்து முன்னால வச்சா. 'மீ கோ'ன்னா. நான் 'நோ'ன்னேன். 'ஒய்?'னு கேட்டா. தமிழ்ல கேட்டிருந்தான்னா எங்கிட்ட அடுக்கடுக்கா பதில் இருக்கு. பிள்ளைய யாரு பாக்க, பஸ்ல எப்படிப் போயி எப்படி வருவ, ஊரு என்ன பேசும், எஞ் சம்பளம் பத்தலயா. எல்லாத்தயும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன், நல்ல எதுகை மோனையோட. ஆனா அந்த 'ஒய்'க்கு யு.கே.ஜி. இங்கிலீஷ்ல பதில் சொல்லணும். தேடுதேன், தேடுதேன், ஒண்ணும் அகப்படல. கடைசியில வாயில வந்தது 'யூ கோ. ஐ அலோன்'.

– யேசுவே.

– பிள்ள பக்கத்துல இருந்துக்கிட்டு, 'ஐ ஆம் அலோன்'னு திருத்துது. நானும் திருப்பிச் சொன்னேன். 'ஐ ஆம் அலோன்.' சொன்ன பெறகுதான் டீச்சர், காரணம் அதுதான்னு எனக்கே தெரிஞ்சுது. மத்ததெல்லாம் தமிழு.

– அவங்க?

– வழக்கமா இந்த மாதிரி எடத்துல ஒரு சொலவடை வந்து விழும். விழல. 'டெய்லி கம்'ன்னா. 'மார்னிங் பஸ். ஈவினிங் பஸ். டெய்லி கம். நாட் அலோன்.' அண்ணன் வீட்டுல போயி இருக்கப்போறதில்ல, தெனமும் போயிட்டுத் திரும்பி வந்துருவேங்கா. அத அவ மொதல்லயே சொல்லியிருக்கலாம். நானும் மொதல்லயே சொல்லியிருக்கலாம். பிள்ள ரெண்டு பேருக்கும் 'வெரி குட்' சொல்லிக் கை தட்டுது. திங்கக்கிழமை வேலையில சேருதா.

– ரொம்பச் சந்தோசம் சார். மாதா மேல ஆணையா, எனக்குக் கண்ணு கலங்குது. எங்க கரஸ்பாண்டென்ட் கேட்டா, இங்கிலீஷ் மீடியத்தோட பலன்னு நோட்டீசுல போட்டுருவாரு.

– போடட்டும். இப்ப நான் வந்த விசயத்துக்கு வாரேன். எனக்கு ரெண்டு ஒதவி வேணும் டீச்சர். இன்னும் கொஞ்ச நேரத்துல மணியடிச்சிரும். பிள்ளைகள நிப்பாட்டி அடுத்த வாரத்துக்கு என்னன்னு சொல்லுவிய. சுப்ரஜாகிட்ட மட்டும், ரகசியமா, இன்னும் ஒரு வாரம் இங்கிலீஷ்னு சொல்லிவிடுங்க.

– தமிழ் வாத்தியாரு கேக்குத ஒதவியா சார் இது?

– திங்கக்கிழமை அவ மொத நாள் வேலைக்குப் போயிட்டு அலுத்துப் போயி வருவா. நான் சோறு வடிச்சிருப்பேன், கொழஞ்சிருக்கும். தமிழ்ல பேசுனோம்னா அண்ணைக்கே பழைய எடத்துக்குப் போயிருவோம். இங்கிலீஷ்னா 'ரைஸ் நாட் குட், சாரி'யோட முடிஞ்சிரும். நாங்க ரெண்டு பேரும் தமிழ்ல இப்படிப் பேசப் பழகுத வரைக்குமாவது இருக்கட்டும்.

– சரி, சொல்லிவிடுதேன். கூடவே ஒரு ஏழெட்டு புது வார்த்தையும் சொல்லித் தாரேன், பாவம் நீங்க எத்தனை நாளைக்கு 'யெஸ் ப்ளீஸ்'லயே குடும்பம் நடத்துவிய. எனக்கும் அதுக்கு மேல ரொம்பத் தெரியாது, வெளிய சொல்லிராதிய. ரெண்டாவது ஒதவி என்ன?

– அது சங்கரியப் பத்தி. அவ கொஞ்சம் வெள்ளந்தி. மிஸ் சொன்னாங்கன்னு இன்னும் நம்பிட்டு இருக்கா. மத்த பொம்பளைங்ககிட்ட எதாவது பேசி, சந்தேகம் வந்து, ஒருநாள் இங்கன வந்து ஒங்ககிட்டயே கேட்டாலும் கேப்பா. பிள்ளையோட பொய்யின்னு தெரிஞ்சா போதும், எல்லாம் கெட்டுப்போகும். அதனால அவ வந்து கேட்டா, 'ஆமா, நாந்தான் சொல்லிவிட்டேன்'னு நீங்க அடிச்சுச் சொல்லணும். எனக்காக இல்ல, பிள்ளைக்காக. அந்த வாக்க மட்டும் எனக்குக் குடுங்க டீச்சர்.

– எப்படி சார் குடுக்க? நீங்க வந்து கேட்டா நாந்தான் சொல்லிவிட்டேன்னு அடிச்சுச் சொல்லணும்னு, அதே வாக்க நேத்துச் சாயங்காலம் ஒங்க வீட்டம்மா எங்கிட்ட வாங்கிட்டுப் போயிட்டாங்களே.