அக்காவின் கட்டிலருகே கேட்ட குரல்

என் பெயரைச் சொன்னால் என் தெருவிலேயே யாருக்கும் தெரியாது, மணிக்கார மாமா என்றால் ஊருக்கே தெரியும், அப்படியே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். வயது அறுபத்திரண்டு, பார்த்தால் ஐம்பதுதான் மதிப்பார்கள். ரொட்டிக் கடைக்குப் பின்சந்தில் மாடி அறையில் குடியிருந்து வருகிறேன். நோயில் படுத்தவர்களுக்குக் கைமணி அடித்துப் பாடி, விலகிப்போன உயிரைக் கூப்பிட்டு உடம்பில் சேர்ப்பது என் தொழில். படிப்பு ஐந்தாவது, அதிலும் வாத்தியார் என்னிடம் கற்றுக்கொண்டதுதான் அதிகம். இதெல்லாம் தேவையில்லை என்று வாக்குமூலம் எழுதும் அதிகாரி சொன்னார்.

இறந்துபோனது என் கூடப்பிறந்த அக்கா. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவளை வார்டு நர்ஸம்மா தப்பான ஊசி போட்டுக் கொன்றுவிட்டதாக அக்காவின் மருமகன் கொடுத்த புகாரில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி. இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் என்று டாக்டர் கைவிரித்தார். அதன் பிறகு அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். படுக்கைப்புண்ணுக்குக் கட்டு மாற்றத் திருப்பினால் கட்டில் கம்பியைப் பிடித்த பிடியை விடமாட்டாள். அதன் பிறகு நான் மணியும் புகைச்சட்டியுமாக வார்டுக்குப் போனேன். தடுத்த காவலாளியை ஒரு முறை முறைத்தேன், ஆள் நாற்காலியோடு சுவர் வரை போய்விட்டார். நர்ஸம்மா மட்டும் அசையவில்லை. "மாமா, இங்க ஆக்சிஜன் ஓடுது. புகை போட்டீங்கன்னா உயிரைக் கூப்பிடவே வேண்டாம், நாம எல்லாரும் சேர்ந்து அதைத் தேடிப் போயிடலாம்" என்று சட்டியை வாங்கி வெளியே வைத்தார். "மணி அடிங்க, ஆனா மெதுவா. பக்கத்துக் கட்டில்ல இப்பத்தான் கண்ணசந்தாங்க."

என் மணிக்கு இடியே ஒதுங்கிப் போகும். அன்று வளையல் சத்தம்போல அடித்துப் பாடினேன். அக்காவின் கை கம்பியை விட்டது. நர்ஸம்மா அதைப் பார்த்தார். அதன் பிறகு கட்டு மாற்றும் போதெல்லாம் எனக்குச் சொல்லி அனுப்புவார். நான் பாடுவேன், அவர் புண்ணைத் துடைப்பார்.

கடைசி நாள் சாயங்காலம் அக்காவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நான் உயிரைக் கூப்பிட்டேன். "வந்துட்டியா?" என்று நான் கேட்டால் படுத்திருப்பவர் "வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும், முடியாவிட்டால் அந்த வீட்டுப் பெண் யாராவது சொல்ல வேண்டும். அக்காவின் ஒரே மகள் நிறைமாதமாக வெளியூரில் இருந்தாள். "அக்கா, வந்துட்டியா?" என்று கேட்டேன். மறுபடி கேட்டபோது குரல் கம்மியது. எனக்குக் குரல் கம்மாது, மணிதான் கம்மியது என்று எழுதவும். அப்போது அக்காவின் உதட்டை ஈரப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்த நர்ஸம்மா தலை நிமிராமலே, "வந்துட்டேன் தம்பி" என்றார்.

திரைக்கு வெளியே நின்ற மருமகன், "அத்தை பேசிட்டாங்க!" என்று மனைவிக்குப் போன் போட ஓடினார். நான் தடுக்கவில்லை. கை தானாக மீசைக்குப் போனது. அவர் திரும்பி வருவதற்குள் அக்கா போய்விட்டாள்.

அதன் பிறகு மகள் போனில், "அம்மா கடைசியா உங்ககிட்ட பேசினாங்களாமே மாமா?" என்று அழுதாள். "ஆமாம்மா" என்றேன்.

அக்கா பேசவில்லை. என் மணி யாரையும் திருப்பிக் கொண்டு வரவில்லை. நர்ஸம்மா கையில் ஊசி இல்லை, பஞ்சுதான் இருந்தது. இதை மகளுக்குச் சொல்ல நேர்ந்தால் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன்.

இவ்வளவையும் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். காவலாளி விஷயத்தை வேண்டுமானால் அடித்துவிடலாம், குரல் விஷயம் உண்மை. மேலே மணிக்கார மாமா என்று எழுதியதையும் எடுத்துவிடச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
இறந்தவரின் தம்பி