வெறும் தண்ணீர்

மருத்துவமனை நாற்காலியில் தூங்கிப் பழகியவனுக்கு வீட்டு மெத்தை உறுத்தும். எனக்கு இன்னும் உறுத்துகிறது. நீங்கள் கேட்டது அதுவல்ல, தெரியும்.

என் மனைவிக்கு மூளையில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வந்தது. கையும் காலும் சீக்கிரமே திரும்பிவிட்டன. தொண்டை திரும்பவில்லை. வெறும் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும் என்று, ஒரு பொடியைக் கலந்து தேன் போலக் கெட்டியாக்கிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பலாமா என்று பார்த்துச் சொல்வது வார்டின் மூத்த நர்ஸ். நடக்கவிட்டுப் பார்ப்பார், படி ஏறவிட்டுப் பார்ப்பார். கடைசியில் வெறும் தண்ணீர். இருமாமல் குடித்தால் வீடு.

வீட்டில் அவள் என்னைக் கேட்காமல் ஜன்னலைக்கூடத் திறக்கமாட்டாள். வார்டில் எதற்கெடுத்தாலும் அந்த நர்ஸைத்தான் கூப்பிட்டாள். தலை வாரவும் அக்கா, போர்வை மாற்றவும் அக்கா. நான் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன்.

சோதனையன்று நர்ஸ் என்னைச் சீண்டினார். "என்ன தம்பி, பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போக அவ்வளவு அவசரமா?"

"சிங்க்ல பாத்திரம் குவிஞ்சிருக்கும்க்கா. அதான் பாசம் பொங்குது," என்றாள் இவள்.

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்த நேரத்தில் அடுத்த கட்டிலில் யாரோ வாந்தி எடுத்தார்கள். நர்ஸ் ஓடினார். பொடி டப்பா கட்டிலோர அலமாரியில் இருந்தது. கலக்கினேன். திரும்பி வந்தவர் டம்ளருக்குள் பார்க்கவில்லை, இவள் தொண்டையைத்தான் பார்த்தார். முதல் வாயிலேயே இவளுக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்தாள். பிறகு மிச்சம் வைக்காமல் குடித்தாள். தேறிவிட்டாய் என்று நர்ஸ் கன்னத்தைக் கிள்ளினார்.

வீட்டில் வெறும் தண்ணீர் கொடுத்தேன். பொடி மருந்துக் கடையில் கிடைக்கும். ஆனால் தேறியவளுக்குப் பொடி எதற்கு? கெட்டியாக்கித் தரச் சொல்லிக் கேட்டாள். பழகிவிடும் என்றேன். இருமல் வந்தது, குரலில் தண்ணீர் களகளத்தது, காய்ச்சல் ஏறியது.

"அக்காவுக்கு ஒரு போன் போட்டுக் குடுங்களேன்."

அவளுடைய போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. வராண்டாவுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். "பேசிட்டேன். இப்படித்தான் இருக்குமாம். பயப்பட வேணாமாம்."

"அக்காவே சொன்னாங்களா?"

"அவங்களேதான்."

அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. கொடுத்ததைக் குடித்தாள். என் கையை விடவே இல்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு நிறைவாக நாங்கள் இருந்ததில்லை.

அடக்கத்தன்று நர்ஸ் வந்தார். "நான்தான் தம்பி அவசரப்பட்டு அனுப்பிட்டேன்," என்று என் தோளில் சாய்ந்து அழுதார். விடுங்கக்கா, நீங்க வேணும்னேவா செஞ்சீங்க என்று தேற்றினேன்.

அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று நேற்றுதான் தெரிந்தது. அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். பொடியைக் கலக்கியது நான். போன் செய்யாதது நான். கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் தண்ணீர் கொடுத்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அவரை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.