நான்காம் நகர்வு வரை

“இது உன் கையெழுத்துதானே?” என்று பள்ளித் தலைமையாசிரியை கேட்டார். என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த பிட்டுக் காகிதத்தை, செத்த பல்லியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் பிடித்திருந்தார். மிஸ்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது, எழுத்துதான் வரும். அந்தப் பிட்டை எழுதியதும் நான்தான், மனப்பாடம் செய்வதற்காக. ஆனால் பரீட்சையன்று பெட்டிக்குள் அது தானாகவா நடந்து போயிருக்கும்?

அக்கா ஓடிவந்தாள். “நான்தான் மிஸ் வச்சேன். அவள விட்டுடுங்க.”

தலைமையாசிரியை நம்பவில்லை. நான் நம்பினேன். என் படிப்பு அன்றோடு முடிந்தது.

பிறகு வீட்டில் எனக்கு ஒரே வேலை: சதுரங்கப் பலகையில் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து கறுப்புக் காய்களை நகர்த்துவது. அவளுக்குத் தெரிந்தது ஒரே தொடக்கம். நடுச் சிப்பாய்களைத் தொடமாட்டாள். பக்கவாட்டுச் சிப்பாய், குதிரை, இன்னொரு சிப்பாய், பிஷப். நானும் அதையே வைப்பேன். நான்கு நகர்வில் பலகை கண்ணாடி பார்த்ததுபோல ஆகிவிடும்.

“ஈயடிச்சான் காப்பிடி நீ” என்று சிரிப்பாள்.

“அதுக்குத்தானே ஸ்கூல்லயே பட்டம் வாங்கிட்டு வந்தா” என்பார் அப்பா.

செஸ் போட்டியின் கடைசிச் சுற்றில் வென்றால், அக்கா என்ற இந்த மேதைக்குக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடம். அக்காவுக்கு வெள்ளைக் காய்கள். எதிராளி ஒரு சோடாபுட்டிக் கண்ணாடிக்காரி, வெள்ளை எதை வைத்தாலும் அதையே வைப்பவள். ஆட்டக்காரர்கள் போன் வைத்திருக்கக் கூடாது என்பதால் அக்கா தன் போனை எப்போதும் என்னிடம் தருவாள். பூட்டுகூடப் போடுவதில்லை. அவ்வளவு புத்திசாலி.

செஸ் செயலியைத் திறந்து அந்த நான்கு நகர்வுகளையும் இரண்டு பக்கமும் வைத்தேன். ஆட்டம் பத்தரைக்கு. பத்து நாற்பதுக்கு அலாரம் வைத்தேன். போனை அவளுடைய ஸ்வெட்டரின் உள்பையில் போட்டு, தோளில் போர்த்திவிட்டேன்.

“உள்ள குளிரும்க்கா.”

“என் தங்கம்டி நீ” என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

அலாரம் சரியாக அடித்தது. நடுவர் போனை எடுத்துப் பார்த்தார். அக்கா எழுதிவைத்திருந்த ஆட்டத்தாளின் முதல் நான்கு நகர்வுகளும் திரையில் இருந்தன.

“யாரும்மா இத வச்சது?”

அக்கா ஸ்வெட்டரைப் பார்த்தாள். பார்வையாளர்களைப் பிரிக்கும் கயிற்றுக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள்.

“நான்தான் சார்.”

மூன்று வருடத் தடை. கல்லூரி இடமும் போயிற்று. இதில் என் தவறு என்ன? அவள் வைத்ததை நானும் வைத்தேன், ஒரு நகர்வு தாமதமாக. இரண்டு தடவையும் அவளேதான் ஒப்புக்கொண்டாள். செய்யாதவள் எதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும்?

வெளியே வந்தவள் ஸ்வெட்டரைக் கழற்றி, மடித்து, என் மடியில் வைத்தாள்.

“இனிமே உன்கூட யாருக்கா விளையாடுவா?” என்று கேட்டேன்.

அவள் படியிறங்கிப் போனாள்.